ரெண்டு விசில்

குத்தாலிங்கத்துக்கு வந்த கடிதம் ஒரே பக்கம். அதிலும் பாதியை முத்திரையும் கையெழுத்தும் பிடித்துக்கொண்டிருந்தன. நெடுந்துயில் இல்லத்தில் பதினான்கு மாதமாகப் படுத்திருக்கும் ஆவுடைச்செல்வியின் கனவில் அவர் வருகிறார். கனவில் வருகிறவர்கள் மூன்றாவது கேள்வியின்போது உடனிருக்க விதி இடம் கொடுக்கிறது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வரலாம், வராமலும் இருக்கலாம். மீதிப் பாதியில் இருந்தது அவ்வளவுதான்.

அவர் அதை மூன்று தடவை படித்தார். ‘கனவில் வருகிறார்’ என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் நின்றுவிட்டார். அவள் இப்படிக் கிடப்பதற்குக் காரணமே அவர்தான். உறக்கத்துக்குள்ளும் போய் அவளை என்ன பாடு படுத்துகிறோமோ என்று பயந்தார்.

பெரிய ஊர்களில் பஸ்கள் தாமாகவே ஓடத் தொடங்கிவிட்ட காலம் அது. தென்காசிப் பக்கம் மலையடிவார ரூட்டுகளில் மட்டும் டிரைவர், கண்டக்டர் என்ற இரண்டு சாதி மிச்சமிருந்தது. ‘பொன்மயில்’ என்ற பச்சை மினி பஸ்ஸில் பதினோரு வருஷம் குத்தாலிங்கம் டிரைவர், ஆவுடைச்செல்வி கண்டக்டர். அவர் வாய் திறக்காத மனிதர். அவள் வாய் மூடாதவள். ‘வண்டி முழுசா நின்ன பெறவு எறங்கு’ என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வாள். ஓடும் வண்டியில் கால் நீட்டுகிற காலேஜ் பையன்களை அவள் திட்டும் திட்டில் அவர்கள் அடுத்த நாள் வேறு பஸ் பார்ப்பார்கள்.

அவருக்கும் அவளுக்கும் இடையே பேச்சு என்பது விசில்தான். ஒரு விசில் என்றால் நிறுத்து. ரெண்டு விசில் என்றால் போ. ஆவுடை ரெண்டு விசில் ஊத ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். தன் இரண்டு காலும் படியில் ஏறிய பிறகுதான் ஊதுவாள். அதனால் அவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. பதினோரு வருஷமும் காதை நம்பியே ஓட்டினார்.

அன்றைக்கு ஆலடி விலக்கு ஸ்டாப்பில் ஒரு மீன்காரியின் கூடையை ஏற்றிவிட ஆவுடை கீழே இறங்கினாள். பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் டிரில் வாத்தியார் விசில் ஊதினார். ரெண்டு விசில். குத்தாலிங்கம் வண்டியை எடுத்தார். அவளுடைய ஒரு கால் படியில் இருந்தது, ஒரு கால் தரையில் இருந்தது. வாய்க்கால் பாலத்துக் கல்லில் தலை அடித்தது.

விசாரணையில் அவர் சொன்னது ஒரே வாக்கியம். ‘ரெண்டு விசில் கேட்டுது.’ அவர்கள் அவரை விட்டுவிட்டார்கள். அவர் தன்னை விடவில்லை. அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அக்காள் மகனுடைய தேங்காய்க் களத்தில் மட்டை அடுக்கப் போனார்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கே போய்விட்டார். வராந்தாவில் ஆவுடையின் மகள் குழலி உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுதான் இருக்கும், முகத்தில் நாற்பது வயதுக் களைப்பு. தகப்பன் இல்லாத பிள்ளை. சின்ன வயதில் பொன்மயிலின் என்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போய் வந்தாள். ‘மாமா, மாமா’ என்று அவர் காதைப் பிய்த்துவிடுவாள். பதினான்கு மாதமாக அந்தச் சொல் நின்றுபோயிருந்தது.

“நான் கூப்பிடல. ரூல்ஸ் கூப்பிட்டிருக்கு” என்றாள்.

“சரிம்மா” என்றார்.

டாக்டர் நஸ்ரீன் இருவரையும் மாடிக்கு அழைத்துப் போனார். கடையநல்லூர்க்காரர், மெதுவாகப் பேசுகிறவர். ஆவுடை கட்டிலில் மெலிந்து கிடந்தாள். தலையில் மெல்லிய வலைத்தொப்பி. அதிலிருந்து போன கம்பி ஒரு திரையில் முடிந்தது.

“இது கனவு வாசிப்பான். இவங்க கனவுல பாக்குறதை இது எழுத்தாக்கிடும், கேக்குறதை ஒலியாப் பதிஞ்சு வச்சுக்கும்” என்றார் டாக்டர். “நெடுந்துயில்ல இருக்கிறவங்க கனவெல்லாம் கொஞ்ச நாள்ல தேவதைக் கதை மாதிரி ஆயிடுது. ஏன்னு எங்களுக்கும் முழுசாத் தெரியாது. ஊரு, நாளு, காரணம் எல்லாம் கழண்டு போயிடும். குடுத்த வாக்கு மட்டும் போகாது.”

“கேள்வின்னு போட்டிருந்துதே?”

“அவங்க எந்திரிக்கப் போறதில்ல. அது உறுதி. இந்த மெஷின்களை வச்சுக் கனவை மட்டும் வருஷக்கணக்கா ஓட்டலாம். ஓட்டணுமா வேண்டாமான்னு அவங்களையே கேக்கணும், சட்டம் அப்படி. கனவுக்குள்ள ஒரு குரலை அனுப்புவோம். தொடரட்டுமா? ஆமான்னா ஒரு சைகை, வேண்டாம்னா ரெண்டு சைகை. வாரம் ஒரு தடவையா மூணு தடவை கேக்கணும். ரெண்டு தடவை கேட்டாச்சு.” அவர் ஒரு தாளை நீட்டினார். “ரெண்டு தடவையும் ரெண்டு சைகை.”

தாளில் தேதிக்கு எதிரே ‘2’ என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு ‘2’.

“இன்னைக்கும் ரெண்டுன்னு வந்தா நான் கையெழுத்துப் போடணும்” என்றாள் குழலி. “எங்கம்மா என்னைய விட்டுட்டுப் போகணும்னு சொல்லுதா.”

குத்தாலிங்கம் திரும்பிப் பார்த்தார். திரையில் எழுத்து ஊர்ந்துகொண்டிருந்தது. எழுத்துக் கூட்டுகிறவர்போல உதடு அசைய அதைப் படித்தார்.

‘ஒரு காட்டிலே ஒரு பச்சை பஸ் நின்றது. சாரல் விட்டபாடில்லை. நின்று நின்று ஜன்னல்களில் கொடி ஏறிப் பூத்துவிட்டது. உள்ளே ஒரு புலி இருந்தது. ஒரு மீன்காரி இருந்தாள். நிழலைத் தொலைத்த ராஜா ஒருவர் இருந்தார். நிழல் போனவன் பாதி ஆள்தானே என்று அவர் அரை டிக்கெட் கேட்டார். நிழல் போனாலும் உட்கார இடம் முழுசாகத்தானே வேண்டும் என்று கண்டக்டர் முழு டிக்கெட்டே கொடுத்தாள்.’

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆவுடையேதான். காடாக இருந்தால் என்ன, ராஜாவாக இருந்தால் என்ன.

‘என்ஜின் பெட்டிமேல் ஒரு சிறுமி சீருடையோடு தூங்கினாள். மணி அடிப்பதற்குள் பள்ளியில் இறக்கிவிடுவதாகக் கண்டக்டர் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். ஆனால் டிரைவர் கல்லாகிவிட்டார். ஒரு பொய்ச் சத்தம் அவர் காதில் விழுந்தது, அதனால் கல்லானார். தோளில் பாசி படர்ந்தது. மெய்ச் சத்தம் கேட்டால் அவருக்கு உயிர் வரும். அவள் தினமும் முயன்றாள். கல்லுக்குக் கேட்கவில்லை.’

அதற்கு மேல் அவரால் படிக்க முடியவில்லை. பொய்ச் சத்தம். அது தன்னுடைய விசில் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. விழுந்துகொண்டிருந்த அந்த நொடியில்கூட அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வயதான மனிதர், பிள்ளைக்கு முன்னால் அழக் கூடாது என்றுதான் நினைத்தார். அழுதுவிட்டார்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்ட கேள்வி அந்த அறையில் அதுவரை யாரும் கேட்காதது.

“டாக்டரம்மா, அவ சைகை எதால காட்டுதா? கையாலயா, வாயாலயா?”

“அதை நாங்க பாக்குறதில்ல. ஒருத்தர் கை தட்டுவாங்க, ஒருத்தர் கதவைத் தட்டுவாங்க. மெஷின் எண்ணிக்கையை மட்டும் குடுக்கும். உறவுக்காரங்க தங்களுக்குத் தோணின மாதிரி அர்த்தம் பண்ணிக்கக் கூடாதுன்னுதான்.”

“பதிவு இருக்கா?”

டாக்டர் குழலியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். திரைக்குப் பக்கத்து ஒலிப்பெட்டியிலிருந்து முதலில் சாரல் இரைச்சல் வந்தது. அப்புறம், ‘தொடரட்டுமா?’ என்ற அந்நியக் குரல். அப்புறம் ஒரு விசில், வெட்டினாற்போல. தொடர்ந்து இன்னொன்று, நீளமாக, முடிவில் லேசாக மேலே வளைந்து.

அவருடைய வலது கால் தானாக முன்னால் போனது. தரையில் இல்லாத ஆக்ஸிலேட்டரை அது தேடியது.

“அது வேண்டாம் இல்லம்மா” என்றார். “அது போலாம் ரைட். நின்ன வண்டியில வந்து தொடரட்டுமான்னு கேட்டா ஒரு கண்டக்டர் வேற என்ன சொல்லுவா?”

டாக்டர் மறுபடி அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். தினமும் பஸ்ஸில் வருகிறவர்தான். இத்தனை நாளும் அவர் பார்த்தது எண்ணை மட்டும்.

குழலிதான் பேசினாள். “உங்களுக்குத்தான் விசிலே தெரியாதே. அன்னைக்கும் ரெண்டு விசில்னுதான சொன்னிய. அப்ப கேட்டதும் எங்கம்மா விசில் இல்ல. இப்ப உங்களுக்கு என்ன கேக்கணும்னு ஆசையோ அதத்தான கேப்பிய.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவருக்கு ஆசைதான். ஆவுடை ‘போ’ என்று சொன்னால் அவர் கொன்றவர் ஆகமாட்டார். இந்தப் பதினான்கு மாதமும் அவர் வேண்டாத சாமி இல்லை. வேண்டியதே காதில் விழுந்தால் அதை எப்படி நம்புவது?

“நீ சொல்லுதது சரிதான்” என்றார் கடைசியில். “அன்னைக்கு நான் எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, போ. அவ்வளவுதான். உங்கம்மா முதல் விசில வெட்டுவா, ரெண்டாவத வளைப்பா. பதினோரு வருஷமா கேட்ட எனக்குத் தெரியாதா? அன்னைக்குக் கேட்டது ரெண்டும் ஒரே மாதிரி. எனக்கு வித்தியாசம் கேட்டுது குழலி. கேட்டும் எடுத்தேன். டைம் ஆயிட்டுன்னு எடுத்தேன். விசாரணையில அத நான் சொல்லல.”

பதினான்கு மாதம் உள்ளே வைத்திருந்ததை இப்படிப் பட்டப்பகலில், டாக்டர் முன்னால் கொட்டுவோம் என்று அவர் நினைத்ததில்லை. குழலி திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் பெட்டியைக் காட்டி, “இன்னொரு தடவை போடுங்க டாக்டர்” என்றாள். வெட்டு, வளைவு. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“ஸ்கூலுக்குப் போகும்போது கேட்ட விசில்தான்” என்றாள். “இது எங்கம்மாதான்.”

மூன்றாவது கேள்வியை மாலை ஐந்து மணிக்குள் கேட்டாக வேண்டும். அதை மாற்ற டாக்டருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் பழகிய ஒலி ஒன்றைக் கனவுக்குள் அனுப்ப விதியில் இடம் உண்டு. சிலர் தாலாட்டு கொண்டு வருவார்கள், சிலர் வீட்டு நாயைக் கூட்டி வருவார்கள்.

“நீங்க பேசுறீங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“அவ விசில் அடிச்சா நான் பேச மாட்டேன். வண்டியத்தான் எடுப்பேன்” என்றார் குத்தாலிங்கம். “நான் போய் வண்டியக் கொண்டு வாரேன்.”

மூன்று மணிக்குப் பொன்மயில் இல்லத்து வளாகத்துக்குள் நுழைந்தது. முதலாளி ஒரு வார்த்தை கேட்காமல் மதிய டிரிப்பை ரத்து செய்திருந்தார். இப்போதைய டிரைவர் வாசலில் இறங்கிச் சாவியை நீட்டினான். குத்தாலிங்கம் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஏறினார். சீட் அவர் உயரத்துக்கு இல்லை. சரிசெய்தார். பதினான்கு மாதத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

என்ஜின் பக்கத்தில் ஒரு மைக்கைக் கட்டினார்கள். அவர் காதில் ஒரு கருவியை மாட்டினார்கள். ஆவுடையின் விசில் அதில் வரும், டாக்டர் கனவைப் படிப்பதும் கேட்கும். குழலி மாடியில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவர் சாவியைத் திருப்பினார். பழைய என்ஜின் உறுமியது.

“கல்லின் நெஞ்சில் ஓர் உறுமல் கேட்டது” என்று டாக்டரின் குரல் காதில் வந்தது. “பயணிகள் நிமிர்ந்து பார்த்தார்கள். கண்டக்டர் படியில் ஏறி நின்றாள். இரண்டு காலும் படியில்.”

வெட்டு. வளைவு.

அவர் முதல் கியர் போட்டார். பஸ் நகர்ந்தது. வளாகத்தைச் சுற்றித் தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் ஒரு வட்டச் சாலை. அதில் மெதுவாகப் போனார்.

“பாசி உதிர்ந்தது. கொடிகள் அறுந்தன” என்று டாக்டர் படித்தார். தாளைப் படிக்கிற குரலாக இருந்தது இப்போது கதை சொல்கிற குரலாக மாறியிருந்தது. “பஸ் ஏழு ஓடைகளைத் தாண்டியது.”

ஒரு விசில். நிறுத்தினார். புலி தன் குகையில் இறங்கியது. ரெண்டு விசில். எடுத்தார். அடுத்த வளைவில் மீன்காரி இறங்கினாள்; அவள் கூடையைக் கண்டக்டரே இறக்கிக் கொடுத்தாளாம். அந்த இடத்தில் அவர் காது விறைத்து நின்றது. மரத்தில் ஒரு மைனா கத்தியது, வாசலில் யாரோ ஹாரன் அடித்தார்கள், அவர் அசையவில்லை. அவள் இரண்டு காலையும் படியில் வைத்து, வெட்டி, வளைத்து ஊதின பிறகுதான் கிளட்ச்சை விட்டார். ஒரு மலைமேல் ராஜா தன் நிழலைக் கண்டுபிடித்தார். அது ஒரு மரத்தடியில் அவருக்காக உட்கார்ந்திருந்தது.

நான்காவது சுற்றில் நீளமாக ஒரு விசில் வந்தது.

“பள்ளிக்கூடம் வந்தது. மணி இன்னும் அடிக்கவில்லை” என்று டாக்டர் படித்தார். “கண்டக்டர் சிறுமியை எழுப்பி, சடையைச் சரிசெய்து, ‘வண்டி முழுசா நின்ன பெறவு எறங்கு’ என்றாள். சிறுமி இறங்கி, திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். அவளுக்கு அங்கே நிறையத் தோழிகள் இருந்தார்கள்.”

மாடியில் குழலி விம்முவது காதில் கேட்டது.

ரெண்டு விசில். காலி பஸ் மெல்லப் போனது. சாரல் நின்றிருந்தது என்றார் டாக்டர். கண்டக்டர் டிக்கெட் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முன்சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்தபடி வருகிறாள் என்றார். குத்தாலிங்கம் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். முன்சீட் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் அத்தனை வருஷத்தில் அவள் தன் வண்டியில் உட்கார்ந்து வந்து அவர் கண்டதில்லை. இப்படியே ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. டீசல் இருக்கிறவரை, உயிர் இருக்கிறவரை.

மணி நாலே முக்கால். மூன்றாவது கேள்வி தானாகவே கனவுக்குள் போனது.

“ஒரு கிளி ஜன்னலில் வந்து உட்கார்ந்தது. ‘தொடரட்டுமா?’ என்று கேட்டது.”

அவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். ஸ்டியரிங்மேல் விரல்கள் இறுகின. வெட்டு வரும், வளைவு வரும்.

ஒரு விசில் வந்தது. நீளமாக, நிதானமாக. அவர் கால் பிரேக்கை அழுத்தியது. பஸ் நின்றது. அடுத்தது வருமென்று காத்திருந்தார். வரவில்லை. என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர் கனவைப் படிப்பதை நிறுத்தினார். அப்புறம், “மெஷின் ஒண்ணுன்னு பதிஞ்சிருக்கு” என்றார். “விதிப்படி ஒண்ணுன்னா ஆமா. முன்னாடி ரெண்டு தடவை என்ன வந்திருந்தாலும், கடைசிப் பதில் ஆமான்னா யாரும் எதையும் நிறுத்த முடியாது, அவங்களா கனவை விட்டு எறங்கினாத்தான் உண்டு. வருஷக்கணக்கா வச்சிருக்கலாம்.” அவர் குரலில் மகிழ்ச்சி இல்லை. விதியைச் சொன்னார், அவ்வளவுதான்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. குழலி பஸ்ஸில் ஏறி, பழைய இடத்தில், என்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் தாள். இப்போது அதில் மூன்றாவது வரியில் ‘1’ என்று இருந்தது.

“ஆமான்னு வந்துருக்கு” என்றாள்.

அவர் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருந்தால் போதும். வாயைத் திறக்காமல் இருப்பது அவருக்கு ஒன்றும் புதிதில்லை. விசாரணையில் இருந்த மாதிரி இருந்துவிட்டால் ஆவுடை அங்கேயே இருப்பாள், வெள்ளிக்கிழமை தோறும் வண்டியைக் கொண்டுவரலாம், இந்தப் பிள்ளை மறுபடி மாமா என்று கூப்பிடும்.

“மாமா” என்றாள் குழலி. “மெஷினுக்கு ஒண்ணுன்னா ஆமா. அது எனக்குத் தெரியும். உங்களுக்கு ஒண்ணுன்னா என்ன?”

அவளுக்கும் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்தது. பஸ்ஸிலேயே வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாமல் இருக்குமா? தனியாக அதைச் சொல்லத்தான் அவளால் முடியவில்லை.

“நிறுத்து” என்றார் குத்தாலிங்கம்.

குழலி தாளை நான்காக மடித்தாள். பிறகு தலையைக் குனிந்தபடி, “அப்ப நிறுத்துங்க மாமா” என்றாள்.

அவர் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். கைப்பிரேக்கைப் போட்டார். பக்கக் கண்ணாடியில் படியைப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகப் பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பினார். என்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது.

அந்த அமைதியில் மைக் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. அதன் பக்கம் குனிந்தார். விசிலுக்கு அவர் வாயால் பதில் சொன்னது அதுவே முதல் தடவை.

“வண்டி முழுசா நின்னுட்டு ஆவுடை” என்றார். “இப்ப எறங்கலாம்.”